சூழலியல்: பாடம் உண்டு, பயிற்சி எங்கே?

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநிலங்கள் சுணங்கியதால் 2003இல் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. இன்று வணிகவியல் படிப்பவரும் உணவுச் சங்கிலி பற்றித் தேர்வு எழுதுகிறார். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், ஆற்றில் சாக்கடை கலக்காமல் தடுக்க வேண்டியவருக்கு என்ன கற்றுத்தந்திருக்கிறோம்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, நம் நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் சுமார் 7,200 கோடி லிட்டர். சுத்திகரிக்கக் கட்டிவைத்திருக்கும் திறன் 3,180 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது ஏறக்குறைய 2,000 கோடி மட்டுமே. கட்டிய நிலையங்களே முழுமையாக ஓடவில்லை. வீட்டு இணைப்பு இல்லாதது, பழுது, மின்செலவு என்று காரணங்கள் பல. நிலையத்தை ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

சுத்திகரிப்பு என்பது நுண்ணுயிர்களை வளர்க்கும் வேலை. இயக்குபவர் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவுச் சாடியில் முகந்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, கசடு எவ்வளவு படிகிறது என்று பார்க்க வேண்டும். பழுப்பு நிறமும் மண்வாசனையும் இருந்தால் நல்லது. கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்று போதவில்லை. கரன்ட் பில்லுக்குப் பயந்து காற்றைச் செலுத்தும் புளோயரை இரவில் நிறுத்தினால் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறும். மறுநாள் கலங்கல் நீர்தான் வெளியே போகும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தப் பொறுப்பு பிளம்பரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ இருக்கிறது. எந்த சுவிட்சை எப்போது போடுவது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்; ஏன் என்று சொல்லவில்லை. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் என்பதைக்கூடச் சொல்லாமல் தொட்டிக்குள் இறக்கிவிடுவது கொடுமை. பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கத் தடை விதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் தொட்டிச் சாவுகள் நிற்கவில்லை.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, குறுகிய காலப் பயிற்சிகளை அளித்தது. நல்ல முயற்சி. ஆனால், குறைந்த தொகை கேட்பவருக்கே பராமரிப்பு ஒப்பந்தம் போகும்போது முதலில் வெட்டப்படுவது ஆள்கூலி. சான்றிதழுக்கு அங்கே மதிப்பேது? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தேர்வெழுதி உரிமம் பெற்றவரே நிலையத்தின் பொறுப்பில் இருக்க முடியும். இங்கே, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்கு அங்கீகாரம் கேட்கிறோம். காகிதத்துக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பு தொட்டிக்கும் வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் நிலையம் இயங்குவதற்கான இசைவாணையைப் புதுப்பிக்கும்போது, இயக்குபவரின் பயிற்சிச் சான்றையும் அவருக்கு வழங்கப்படும் ஊதிய விவரத்தையும் சேர்த்துக் கேட்கட்டும். அந்தப் பயிற்சியை மாவட்டந்தோறும் ஐடிஐக்களில், ஓடும் நிலையம் ஒன்றோடு இணைத்து, உதவித்தொகையுடன் நடத்தலாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கே அதில் முதல் இடம் தர வேண்டும்.