வலிக்கு முந்திய பயணம்

நீடாமங்கலத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒரு குழந்தை பல் மருத்துவரை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் இரவெல்லாம் அழுது கன்னம் வீங்கிய மறுநாள் காலையில்தான். தடுப்பூசி அட்டையைப் பார்த்துத் தேதி தவறாமல் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் அதே தாய்மார், பல் விஷயத்தில் மட்டும் வலி வந்து அழைக்கட்டும் என்று காத்திருக்கின்றனர். இவ்வூரில் வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பில், மேட்டூர்த் தண்ணீர் வந்து சேருமுன்பே மதகுகளைப் பழுதுபார்த்து மசகு போடுவது வழக்கம். தண்ணீர் வந்தபின் ஷட்டர் ஏறவில்லை என்று ஓடுவதை எந்த விவசாயியும் பொறுக்கமாட்டார். குழந்தையின் வாய்க்கு மட்டும் அந்த முன்யோசனை ஏன் எட்டவில்லை?

முதல் தடை, 'விழப்போகிற பல்தானே' என்னும் சொல். பால்பற்கள் இருபது. ஆறாம் மாதவாக்கில் தொடங்கி மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மைதான். கடைவாய்ப் பால்பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான பல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் சோறு மெல்ல வேண்டும். அதை முன்னதாகவே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அடியில் காத்திருக்கும் நிலைப்பல் கோணலாக வெளிவரும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது ஆயுளுக்கும் உரியது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியும் சடங்கு அதற்கு இல்லாததால், அதன் வருகையை யாரும் கவனிப்பதில்லை. பால்பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகின்றனர்.

இலக்கியம் பேசும் நமக்கு இதில் வேறோர் அக்கறையும் உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியல், தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பதாகவும், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பதாகவும் வகுக்கிறது. மூன்று வயதில் மேல்முன்பற்கள் கரைந்து கறுத்த கட்டைகளாக நிற்கும் குழந்தை, மொழி பழகும் பருவத்திலேயே அதன் கருவிகளுள் ஒன்றை இழந்து நிற்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் எப்படியோ நாவைப் பழக்கிக்கொள்கின்றனர். கையால் வாயைப் பொத்திச் சிரிக்கவும் கூடவே பழகிக்கொள்கின்றனர்.

இரண்டாவது தடை 'பூச்சி'. பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம்; கண்டங்கத்திரி விதையின் புகை பிடித்தால் அது உதிரும் என்று நம்பிய தலைமுறை நம் வீடுகளில் இருந்தது. இதில் நாம் தனியாகக் கூச ஒன்றுமில்லை. பாபிலோனியரும் பல்லுக்குள் புழுவைக் கற்பித்தவர்களே. 1728இல் பிரான்சின் பியேர் ஃபோஷார் தம் பெருநூலில் அப்புழுவை மறுத்து எழுதினார். 1890இல் வில்லோபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லைக் கரைக்கும் வழியை விளக்கினார். பூச்சி என்றால் அது எங்கிருந்தோ வந்த விதி. அமிலம் என்றாலோ, தாய் நடவுக்குப் போன பகலில் பாட்டி தேநீரில் தோய்த்துக் கொடுத்த பிஸ்கட், தூக்கத்திலும் வாயைவிட்டு எடுக்காத பால்புட்டி என்று கணக்குத் தெரியத் தொடங்குகிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லுக்கு முக்கியம். உறக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவதால் அமிலம் கழுவப்படுவதில்லை. பால்பல்லின் மேல்பூச்சும் மெல்லியது. சொத்தை தொடங்கினால் விரைவில் உள்ளே இறங்கிவிடும்.

முதல் பல் முளைத்ததும், முதல் பிறந்தநாளுக்குள், மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர் கழகம் சொல்கிறது. நம் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வயதுக் குழந்தையை அந்தச் சாய்வு நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது? உட்கார வைப்பதே இல்லை. தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே அமர்கின்றனர். குழந்தையின் இடுப்பு தாயின் மடியில், தலை மருத்துவரின் மடியில். காலை நீட்டி அதன்மேல் பச்சைப்பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டிய நம் பாட்டிமாருக்கு இதில் வியப்பிராது. குழந்தை அழலாம், அழுதால் வாய் திறந்திருக்கும், அதுவும் வசதியே. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு 'சொல், காட்டு, செய்' என்றொரு முறை உண்டு. அடெல்ஸ்டன் என்பவர் 1959இல் எழுதியது. கருவி இன்னது என்று முதலில் சொல்லி, விரல் நகத்தில் ஓட்டிக் காட்டி, அப்புறமே பல்லில் வைப்பது. நாம் வீட்டில் செய்வதோ நேர்எதிர். சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று ஐந்து வருடம் மிரட்டிவிட்டு, ஆறாம் வருடம் அதே டாக்டரிடம் கூட்டிச் செல்கிறோம். பஸ்ஸில் வழிநெடுக 'ஒண்ணும் வலிக்காதுடா கண்ணு' என்று வேறு ஓதுகிறோம். வலி என்ற சொல்லை அதுவரை நினைத்தே இராத பிள்ளைக்கு அந்த ஆறுதலே முதல் தகவல். பற்றாக்குறைக்கு, வார இதழ்த் துணுக்குகளில் பல் மருத்துவர் என்றால் கையில் குறடோடுதான் தோன்றுவார். வலியோடு போன முதல் பயணம் அந்தத் துணுக்கை மெய்யாக்கிவிடுகிறது. அப்படித் திரும்பிய பிள்ளை நாற்பது வயதிலும் பல் மருத்துவமனையைக் கண்டால் தெருவை மாற்றிக்கொள்ளும்.

ஆனால் பெற்றோரை மட்டும் குறைகூறி முடித்துக்கொள்வது நமக்கு உடன்பாடில்லை. மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ போய்வருவது கூலிவேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம். வலிக்கிற பிள்ளைக்காக அதை இழப்பாள்; வலிக்காத பிள்ளைக்காக இழக்கச் சொல்வது எளிதன்று. வலி வருமுன் மருத்துவரைப் பார்ப்பது இன்று வசதியுள்ள வீட்டின் பழக்கமாகவே இருக்கிறது. பால்பல் சொத்தையுள்ள குழந்தைகள் உலகில் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. 2023இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, மகிழ்ச்சி. எனினும் கல்லூரியைத் தேடி ஒரு வயதுக் குழந்தை வராது.

வரவேண்டியது அங்கன்வாடிக்கு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பற்சொத்தையும் உண்டு. சொத்தையைக் கண்டு சீட்டெழுதி அனுப்புவதோடு நிற்காமல், அங்கேயே மருந்து தடவிவிடலாம் என்பது நம் கருத்து. வெள்ளி டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தை 2021இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஊசியோ துளைக்கும் கருவியோ வேண்டாம். சிறு தூரிகையால் தொட்டால் பெரும்பாலான சொத்தைகள் மேலே பரவாமல் நிற்கும். தடவிய இடம் கறுத்துப்போகும் என்பதொன்றே குறை. வலித்து வீங்குவதைவிடக் கறுப்பு மேல் என்று தீர்மானிக்கும் உரிமையைத் தாயிடம் கொடுத்துப் பார்க்கலாமே.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது சிறிது உண்டு. உமிக்கரி வேண்டாம், அது பல்லைத் தேய்த்துவிடும். மூன்று வயது வரை ஃபுளோரைடு பற்பசை ஓர் அரிசி அளவு போதும். அளவு சொல்ல நெல் விளையும் ஊரில் வேறு உவமை வேண்டாம். வாரம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு இழுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், சொத்தையின் தொடக்கம் அது. அந்தக் கட்டத்தில் மருந்துப் பூச்சினாலேயே மீட்டுவிட முடியும். பஸ் ஏறவேண்டிய நாள் அன்று, கோடு பழுப்பாகும் நாளன்று.