மஞ்சள் சாயம் பூசிய ஜி.டி.ஏ. என்பவர்களுக்கு

‘தி சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்’ பற்றிப் பேச்செடுத்தால் போதும், “அது மஞ்சள் சாயம் பூசிய ஜி.டி.ஏ. தானே” என்று ஒருவராவது சொல்லி முடித்துவிடுவார். 2003 செப்டம்பரில் அந்த வீடியோ கேம் வட அமெரிக்காவில் வெளியானபோது, பாராட்டி எழுதிய விமர்சகர்களே இந்த ஒப்பீட்டைத்தான் கையில் எடுத்தார்கள். பாராட்டாகத் தொடங்கியது காலப்போக்கில் பழிச்சொல்லாக மாறிவிட்டது. அதன் பின்னாலேயே வேறு குற்றச்சாட்டுகளும் வந்து சேர்ந்தன. ஊர் சின்னது, மிஷன்கள் எல்லாம் ஒரே மாதிரி, இன்றும் கொண்டாடுகிறவர்கள் தங்கள் சின்ன வயதைத்தான் கொண்டாடுகிறார்கள், நல்ல சரக்காக இருந்தால் கம்பெனியே மறுபடி வெளியிட்டிருக்காதா. இவற்றில் சில பாதி உண்மை. அந்தப் பாதியை ஒப்புக்கொண்டே மறுக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கடன் வாங்கியது நிஜம். ஜி.டி.ஏ. வரிசையில் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ 2001 அக்டோபரில் வந்தது, ‘வைஸ் சிட்டி’ அடுத்த ஆண்டு வந்தது. ஊருக்குள் இஷ்டம்போல் சுற்றலாம், போகிற வண்டியில் ஏறலாம், அட்டகாசம் எல்லை மீறினால் போலீஸ் துரத்தும் என்ற எலும்புக்கூட்டை அங்கிருந்துதான் வான்கூவரில் இருந்த ரேடிக்கல் என்டர்டெயின்மென்ட் ஸ்டுடியோ எடுத்துக்கொண்டது. அதை ஒளித்துவைக்கவும் இல்லை. முதல் நிலையிலேயே ஒரு மிஷனுக்கு ‘பெட்டி தெஃப்ட் ஹோமர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரிடம் வாங்கினோம் என்று வாசலிலேயே எழுதிவைத்தவர்களைத் திருடர்கள் என்பது நியாயமாகப் படவில்லை.

அசல் நகல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அதே ஸ்டுடியோ 2001இல் செய்த ‘தி சிம்ப்சன்ஸ்: ரோட் ரேஜ்’ஐ எடுத்துப் பாருங்கள். ஆளை ஏற்று, நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கு, காசு வாங்கு. சேகா நிறுவனத்தின் ‘கிரேஸி டாக்ஸி’யை அப்படியே எடுத்து ஹோமரையும் மார்ஜையும் உள்ளே உட்கார வைத்த வேலை. சேகா தன் காப்புரிமையைக் காட்டி 2003 டிசம்பரில் வழக்கே போட்டது. பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதில் சிம்ப்சன்ஸ் ஆட்களை இறக்கிவிட்டு வேறு யாரை ஏற்றினாலும் விளையாட்டு அப்படியேதான் இருக்கும். ‘ஹிட் அண்ட் ரன்’னில் அந்த வேலை செல்லாது. அதில் குடும்பத்தையும் ஊரையும் எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது நடுத்தரமான ஒரு கார் ஓட்டும் விளையாட்டுதான். அதன் உயிர் கடன் வாங்காத பகுதியில் இருக்கிறது.

‘வன்முறையைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக் குழந்தைகளுக்கு விற்றார்கள்’ என்பது அடுத்த புகார். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. காரால் இடித்தால் ஆள் எகிறி விழுந்து, திட்டிக்கொண்டே எழுந்து போவார். ஊர்ச் சொத்தை உடைக்க உடைக்கத் திரையின் மூலையில் உள்ள வட்டம் நிரம்பும், நிரம்பினால் போலீஸ். பிடிபட்டால் ஐம்பது நாணயம் அபராதம், அவ்வளவுதான். இதை நீர்த்துப்போன ஜி.டி.ஏ. என்று சொல்கிறவர்கள் கதையைக் கவனிக்கவில்லை என்பேன்.

சிம்ப்சன்ஸ் குடும்பத்தின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் திடீரென்று ‘பஸ் கோலா’ என்ற பானம் புதுப்பொலிவோடு விற்பனைக்கு வருகிறது. ஊரெங்கும் குளவி வடிவில் கேமராக்கள் பறக்கின்றன. பின்னால் இருப்பவர்கள் காங், கோடோஸ் என்ற வேற்றுக்கிரகத்து ஜோடி. கோலாவைக் குடித்து மக்கள் பைத்தியமாவதைப் படம் பிடித்து ஒரு ரியாலிட்டி ஷோ நடத்துகிறார்கள். நாம் வேலியை உடைத்து, குப்பைத் தொட்டியைப் பறக்கவிட்டு, எதிர்த்திசையில் ஓட்டும் அந்த அமளி முழுவதும் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு. விளையாடுகிறவர் செய்யும் சேட்டைக்கே கதைக்குள் ஒரு காரணமும் ஒரு பார்வையாளர் கூட்டமும் கொடுத்துவிட்டார்கள். ‘சர்வைவர்’ அமெரிக்காவில் தொடங்கி மூன்று ஆண்டு, ‘அமெரிக்கன் ஐடல்’ தொடங்கி ஓர் ஆண்டு ஆகியிருந்த சமயம் அது. ரியாலிட்டி டிவியை அன்று இவ்வளவு நேராகக் குத்திக்காட்டிய வீடியோ கேம் வேறொன்று எனக்கு நினைவில்லை. இந்தக் கூர்மை தற்செயலாக வந்ததல்ல. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளர்களான மாட் செல்மன், டிம் லாங், மாட் வார்பர்ட்டன் ஆகியோர் கதையிலும் வசனத்திலும் வேலை செய்தார்கள். டான் காஸ்டெலனெட்டா, ஜூலி காவ்னர், நான்சி கார்ட்ரைட், யார்ட்லி ஸ்மித், ஹேங்க் அஸாரியா, ஹாரி ஷியரர் என்று தொடரின் ஆறு முக்கியக் குரல்களும் வந்து பேசினார்கள்.

இனி ஊருக்கு வருவோம். ‘சின்ன ஊர், அதுவும் மூன்று துண்டு’ என்பதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். உண்மைதான். ஏழு நிலைகளுக்கு மூன்று வரைபடங்கள்தான். ஒன்று, நான்கு, ஏழு ஆகிய நிலைகள் சிம்ப்சன்ஸ் வீட்டுப் பக்கம். இரண்டும் ஐந்தும் நகரின் மையம். மூன்றும் ஆறும் துறைமுகப் பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரிலேயே போய்விட முடியாது. ஜி.டி.ஏ. 3இன் லிபர்ட்டி சிட்டியைச் சுற்றியவர்களுக்கு இது அடைத்துவைத்த மாதிரிதான் இருக்கும்.

ஆனால் லிபர்ட்டி சிட்டி யாருக்கும் முன்பே தெரிந்த ஊர் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் தெரியும். 1989 டிசம்பரிலிருந்து வாராவாரம் உலகமே எட்டிப் பார்த்த ஊர் அது. அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. தொடரில் அந்த ஊருக்கு நிலையான நிலவியலே கிடையாது. அந்த வாரக் கதைக்கு மலை வேண்டுமென்றால் மலை வரும், கடல் வேண்டுமென்றால் கடல் வரும். அது எந்த மாநிலம் என்பதையே வேண்டுமென்று சொல்லாமல் வைத்திருந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பி க்விக்-இ-மார்ட் கடைக்குப் போக எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது தொடரில் யாருக்கும் தேவைப்படவில்லை. கார் ஓட்ட விடுகிறவர்களுக்கு அது தேவைப்பட்டது. பர்ன்ஸ் மாளிகை, அணுமின் நிலையம், பள்ளிக்கூடம், கல்லறை, வண்டி வீடுகள் நிற்கும் டிரெய்லர் பார்க் என ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் நிறுத்தி, நடுவே சாலை போட்டு, குறுக்குவழி விட்டு, இனி இது இங்கேதான் என்று ரேடிக்கல் முடிவு கட்டியது. ஆண்டுக்கணக்கில் பிம்பமாக மட்டும் இருந்த ஊரை நடமாடும் ஊராக்கியது பெரிய வேலை. சதுர மைல் கணக்கு இதற்கு அளவுகோல் ஆகாது.

முதல் மிஷனையே பாருங்கள். மார்ஜ் ஐஸ்கிரீமும் கோலாவும் வாங்கிவரச் சொல்கிறாள். ஹோமர் இளஞ்சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறான். ஸ்டியரிங் பழக்குவதற்கான பாடம்தான் அது. ஆனால் கதவைத் தள்ளிக் கடைக்குள் நுழையும்போது, எத்தனையோ எபிசோடுகளில் எதிரே நின்று பார்த்த அந்தக் கல்லாவை இப்போது பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம். பக்கத்து வீட்டில் ஃபிளாண்டர்ஸ் இருக்கிறார். ஏழாம் நிலையில் அதே தெரு ஹாலோவீன் இரவாகி, பிணங்கள் எழுந்து நடக்கின்றன. 1990 முதல் தொடர் ஒவ்வோர் ஆண்டும் செய்துவந்த பேய்க்கதை எபிசோடுகளின் உலகம் அது. வரைபடத்தைத் திரும்பப் பயன்படுத்தியது சிக்கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் நிலையில் வெயிலில் பழகிய தெரு என்பதால்தான் இருட்டில் அது நம்மைத் தொடுகிறது. புதிய தெருவில் அந்தப் பயம் வந்திருக்காது.

கார்களும் அப்படித்தான். மார்ஜுக்கு நான்காம் நிலையில் கிடைக்கும் கான்யனீரோ, 1998இல் ஒரு எபிசோடில் பெரிய ரக வண்டி விளம்பரங்களைக் கிண்டலடிக்க வந்த வண்டி. ஹோமர் தானே வடிவமைத்து அண்ணனின் கம்பெனியைத் திவாலாக்கிய கார் 1991இல் வந்தது. அதையும் இங்கே ஓட்டலாம். நிலைக்கு ஏழு என்று ஒளிந்திருக்கும் சேகரிப்பு அட்டைகள் ஒவ்வொன்றிலும் ஏதாவது எபிசோடின் ஒரு பொருள் இருக்கிறது. தொடரை மனப்பாடமாக அறிந்தவர்கள் கட்டிய ஊர் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மிஷன்கள் பற்றிய புகாரை நான் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன். துரத்து, இடி, பொறுக்கு, நேரத்துக்குள் போய்ச் சேர் என்ற நான்கைத்தான் மாற்றி மாற்றித் தருகிறார்கள். கடைசி இரண்டு நிலைகளின் நேரக்கெடு இரக்கமே இல்லாதது. ஆனாலும் கடைசி மிஷன்களில் அணுக்கழிவுப் பீப்பாயை வண்டியில் ஏற்றி, பள்ளிக்கூடத்தின் மேல் நிற்கும் பறக்கும் தட்டின் கதிருக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். இத்தனை நேரம் இடித்துத் தள்ளிப் பழகிய கையை, எதிலும் மோதாமல் ஓட்டச் சொல்கிறார்கள். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் அந்தச் சோம்பேறி ஹோமர் தன் தொழிலின் கழிவைக் கொண்டே ஊரைக் காப்பாற்றுகிறான். மிஷனின் வடிவம் பழசு. அதற்குள் வைத்த யோசனை இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே பொருந்தும்.

‘எல்லாம் ஏக்கம்’ என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஏக்கம் பிறக்க அவகாசமே இல்லாத 2003இல் விமர்சகர்கள் நூற்றுக்கு எண்பதை ஒட்டி மதிப்பெண் போட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்று அதற்குப் புதிய மிஷன்கள் எழுதி, மூன்று வரைபடங்களையும் ஒட்டி ஒரே ஊராக்கிக் காட்டுகிறவர்கள், சம்பளம் வாங்காமல் அந்த வேலையைச் செய்கிறார்கள். வெறும் ஞாபகத்துக்காக இத்தனை இரவுகளை ஒருவர் கொடுப்பார் என்று நான் நம்பவில்லை.

கடைசிப் புகார்தான் என்னை அதிகம் உறுத்துகிறது: ‘தகுதி இருந்தால் மறுபடி வந்திருக்கும்.’ வெளியிட்டது விவெண்டி யூனிவர்சல் கேம்ஸ். அது 2008இல் ஆக்டிவிஷனோடு சேர்ந்தது. ஆக்டிவிஷன் 2023இல் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. கதாபாத்திரங்கள் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சொத்து. 2019இல் அவை டிஸ்னியிடம் போய்விட்டன. ரேடிக்கல் ஸ்டுடியோவிலோ 2012இல் பெரும்பாலோரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இடையில் சிம்ப்சன்ஸ் விளையாட்டுகளுக்கான உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கையில் வேறு இருந்தது. இத்தனை வக்கீல்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் ஒரு மறுவெளியீடு. அது நடக்காததற்குத் தரத்தைக் காரணமாகச் சொல்வது தவறு. மாறாக, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் முழு ஆதரவோடு 2012இல் வந்த ‘டேப்டு அவுட்’ என்ற சிம்ப்சன்ஸ் கைப்பேசி விளையாட்டு 2025 ஜனவரியில் சர்வரோடு மூடப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்பிய ஊர்களை இன்று நிறுவனத்தின் வழியாகத் திறக்க முடியாது. 2003இன் குறுந்தட்டு கையில் இருப்பவர்கள் இன்று மாலையே சிம்ப்சன்ஸ் வீட்டுத் தெருவான எவர்கிரீன் டெரஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.