“ஒத்துக்கொள், பைன் கட்டிப்போட்டுப் போகலாம்”: முதல் வழக்கில் எங்கள் பிள்ளைகள் இழப்பது என்ன?

வடக்கில் உள்ள ஒரு நீதவான் நீதிமன்றம். செய்தி சேகரிக்கப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில், வாசல் வேம்பின் கீழ் நின்ற ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, ஒருக்கா ஒத்துக்கொண்டதைப் பிறகு இல்லையெண்டு சொல்லலாமோ?”

அவருடைய மகன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலை, நண்பனை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தபோது வீதிச் சோதனையில் மறித்திருக்கிறார்கள். பின்னால் இருந்தவருக்குத் தலைக்கவசம் இல்லை. வாய்த்தர்க்கம். திறப்பைப் பறிக்க வந்த கையைத் தட்டிவிட்டிருக்கிறான். பொலிஸாரின் கடமைக்கு இடையூறு விளைவித்ததாக வழக்கு. அன்றிரவு பொலிஸ் நிலையத்தில். மறுநாள் நீதிமன்ற வாசலில் சட்டத்தரணி அல்லாத யாரோ ஒருவர், “ஒத்துக்கொண்டால் பைன் கட்டிப்போட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்ட போகலாம்” என்று சொல்லியிருக்கிறார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இப்போது வெளிநாட்டு வேலை ஒன்று கைகூடி, பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தப் பத்து நிமிடம் திரும்பி வந்திருக்கிறது.

ஏன் அன்று ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கவில்லை என்று கேட்டேன். காசு ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் நிற்கிறது. “அவனை உள்ள விட்டிட்டு வர எனக்குத் துணிவில்லைத் தம்பி. ஏற்கெனவே ஒருத்தரை அப்பிடி விட்டிட்டுத்தான் இருக்கிறன்.” கணவர் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்.

எங்கள் மண்ணில் குற்ற ஒப்புதல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. சீருடை போட்டவர் கூட்டிக்கொண்டு போனால் ஆள் திரும்புவாரா என்று தெரியாத ஒரு சமூகத்துக்கு, அன்றைக்கே வீட்டுக்கு வரும் பிள்ளைதான் வெற்றி. தண்டப்பணம் அதற்கான விலை.

ஆனால் அந்தப் பையனுக்கு வேறொரு வழி இருந்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைப் பாருங்கள். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாக நீதவான் கருதினாலும்கூட, எதிரியின் நடத்தை, முன்வரலாறு, வயது, உடல், மன நிலை, குற்றத்தின் சிறிய தன்மை, அது நடந்த சூழ்நிலை ஆகியவற்றைக் கவனத்தில் எடுத்து, அவரைக் குற்றவாளியாகத் தீர்க்காமலேயே எச்சரித்து விடுவிக்கலாம். அல்லது மூன்று வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணைமுறியில் விடுவிக்கலாம். அந்தக் காலத்தில் ஒழுங்காக நடந்தால், குற்றத்தீர்ப்பு என்ற ஒன்று பதிவாவதில்லை.

ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையை இதனோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிறைக்குப் போகாவிட்டாலும் அது குற்றத்தீர்ப்புத்தான். தண்டப்பணமும் அப்படியே. “பைன்தானே” என்று நாங்கள் சொல்வது, போக்குவரத்துத் தண்டச்சீட்டையும் குற்றவியல் தீர்ப்பையும் ஒன்றாக நினைப்பதால் வரும் வார்த்தை.

306ஐ நீதவான் தானாகவும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு காலைக்குள் நூறு கோவைகள் மேசைக்கு வரும் இடத்தில், இந்தப் பிள்ளை படிக்கிறவன், முன்குற்றம் இல்லாதவன், இதோ கல்லூரிக் கடிதம், இதோ கிராம அலுவலர் சான்று என்று எழுந்து நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் ஏழைக் குடும்பங்களால் கொண்டுவர முடிவதில்லை. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாதவருக்கு அவர் கேட்டால் அரச செலவில் ஒருவரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பாலான இளைஞர்களின் முதல் வழக்கு தொடங்குவதும் முடிவதும் நீதவான் நீதிமன்றத்தில். அங்கே அப்படியான நியமனம் தானாக நடப்பதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தோருக்கு அது வழக்குப் பேசுகிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கைதாகி மறுநாள் காலை கூண்டில் நிற்கும் பையனின் தாய்க்கு, அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. நான் அன்று பேசிய அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் நடப்பது இன்னொரு கதை. 2012இல் வந்த விதிகளின்படி, தன் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம். சாதாரண சட்டத்தில், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இது தெரியாமல் “எப்பிடியும் எழுதிக் குடுத்திட்டன்தானே” என்று மனம் சோர்ந்து, நீதவான் முன்னாலும் ஒத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதிலும் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வருவது எங்களுக்குப் புதிதல்ல.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தப் பாதுகாப்பைத் தலைகீழாக்குகிறது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் அங்கே சாட்சியமாகிறது. 2012 நவம்பரில் விளக்கேற்றியதையடுத்து எழுந்த பதற்றத்தின் பின்னர் கைதான யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் வெலிகந்தைக்குப் புனர்வாழ்வு என்று அனுப்பப்பட்டு, 2013 தொடக்கத்தில்தான் வெளியே வந்தார்கள். 2019 மே மாதத்தில் மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் ஓர் அறையில் கிடந்த படங்களுக்காக இதே சட்டத்தின் கீழ் கைதானார்கள். தெற்கில் வசந்த முதலிகே 2022 ஓகஸ்டில் கைதாகி, 2023 ஜனவரி 31 அன்றுதான் இந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஐந்து மாதத்துக்கும் மேல். இவர்களுக்குப் பின்னால் மாணவர் சங்கங்கள் நின்றன, சட்டத்தரணிகள் அணியாக வந்தார்கள், ஊடகங்கள் எழுதின. நான் பேசும் பையனுக்குப் பின்னால் வேம்படியில் நின்ற தாய் மட்டும்தான். அரசியல் கைது என்றால் ஒன்றுகூடுகிற நாங்கள், சாதாரண வழக்கில் அகப்பட்ட பிள்ளையைத் தன்பாட்டில் விட்டுவிடுகிறோம்.

விட்டுவிடுவதோடு நிற்பதுமில்லை. வாள்வெட்டு, ஐஸ், பகிடிவதை என்று கைதாகிறவர்களின் படத்தையும் ஊரையும் மாலைக்குள் போட்டுவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தி எழுதியிருக்கிறேன். பின்னர் விடுதலையானவர்களைப் பற்றி எழுதியதாக நினைவில்லை.

எல்லோரையும் மன்னித்து விடுங்கள் என்பது என் வாதமல்ல. வாளோடு வீடு புகுந்தவனுக்கு 306 கேட்பது வெட்டு வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம். பகிடிவதையும் விளையாட்டல்ல. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை விதிக்கிறது. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை போகும். போதைப்பொருளில் கணக்கு இன்னும் கடுமையானது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ஐந்து கிராம் ஐஸ் ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ கொண்டுபோகும் அளவு. நண்பனுக்காகப் பொதியை வைத்திருந்தவன் “என்னுடையதுதான்” என்று சொல்லிக் காப்பாற்றப் பார்ப்பது எவ்வளவு பெரிய விபரீதம் என்று வகுப்பறையில் யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா? குற்றம் பெரிதாகப் பெரிதாக, வாயைத் திறக்க முன்னர் ஒரு சட்டத்தரணியின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையும் பெரிதாகிறது.

செய்யக்கூடியவை கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. வார நாட்களில் காலை எட்டரை மணிக்கு, புதிதாக முற்படுத்தப்படுகிறவர்களின் உறவினருடன் பேச நீதிமன்ற வளாகத்தில் ஒரு இளம் சட்டத்தரணி சுழற்சிமுறையில் நின்றால் போதும். சட்டத்தரணிகள் சங்கங்கள் இதை நினைத்தால் அடுத்த மாதமே தொடங்கலாம். யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் ஒரு மணித்தியாலம் பேசுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. தவணை கேட்பது குற்றமல்ல என்பதையும், பிணை கேட்கலாம் என்பதையும் பிள்ளைகள் கைதாக முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தண்டனை விதிக்கப்பட முன்னரென்றால், நீதவானின் அனுமதியோடு ஒப்புதலை மீளப் பெற்றிருக்கலாம். விதித்த பின்னர், நிபந்தனையின்றி ஒத்துக்கொண்டவருக்கு உரிமையாக மேன்முறையீடு கிடையாது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு ஒன்றே மிச்சம். அதிலும் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், விசேட சூழ்நிலையைக் காட்ட வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் எந்தப் பக்கம் என்று அவருக்குக் காட்டினேன். பழைய வழக்கு இலக்கம் எழுதிய தண்டப்பணப் பற்றுச்சீட்டைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். “இது காணுமோ தம்பி?” என்றார். வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியும் வேண்டும், அதற்குப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னேன். மகனின் வேலைக்கான கடைசித் திகதிக்கு அப்போது மூன்று கிழமைகள் இருந்தன.