பாக்கிப் பட்டியலும் மனநலமும்

தவணை தவறிய அங்கத்தினரின் பெயருக்கு எதிரே நமது சங்கப் புத்தகங்களில் காணப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றே: விளைச்சல் பொய்த்தது, நூல் விலை ஏறியது, வீட்டில் நோய். மூன்றாவது காரணத்தில் மனநோயும் அடங்கும் என எவரும் எழுதி யான் கண்டதில்லை. அதற்கு நாம் வழங்கும் பெயர்கள் வேறு: சோம்பல், குடி, நாணயமின்மை. இவற்றுள் ஒன்றை ஒருவர்மீது சுமத்துமுன், நிர்வாகக் குழுவினர் ஒருமுறையேனும் அவரது இல்லத்திற்குச் சென்று வரவேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

கடலூர் ஜில்லாவினருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கரையோரக் கிராமங்களுக்கு அரிசி, படகுகளோடு மனநலப் பணியாளரும் வந்தனர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கன்று நட்டுப் பலன் காணப் பல ஆண்டுகள் வேண்டும். சாய்ந்த மரங்களை நாம் எண்ணினோம். அவற்றைப் பார்த்தபடி திண்ணையில் பேச்சற்று அமர்ந்தவரை எண்ணினோமா?

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, தறியில் அமர்ந்தும் கை ஓடாதிருப்பின், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். மருந்தாலும் ஆலோசனையாலும் குணப்படுத்தக் கூடியது. இதனை முதலில் அறியும் வாய்ப்பு மருத்துவரினும் சங்கத்திற்கே மிகுதி. வாரந்தோறும் துணி கொணர்ந்தவர் இரு வாரம் வராவிடில், அது நமது இருப்புப் புத்தகத்திலேயே தெரிகிறதன்றோ?

பிறவியிலேயே மன அமைப்பு வேறுபட்டவர்கள் மற்றொரு வகையினர். ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியன நோயல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் அடங்குவன. யான் கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் அத்தகைய இளைஞர் ஒருவர் தார் சுற்றுகிறார். தறிகளின் ஓசை அவருக்குப் பொறுக்க முடியாதது. ஆதலின் பின்கட்டில் இடம் ஒதுக்கியுள்ளனர். கைலியின் கட்டத்திற்குரிய நிற வரிசையை அவர் பிசகியதில்லையாம். எல்லோருக்கும் இத்திறன் உண்டென்று சொல்ல வரவில்லை. சிலருக்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். ஆனால் அந்த இடமாற்றத்திற்குச் சங்கம் செலவிட்டது ஒரு காசுமில்லை.

மறைத்து வைப்பதன் விளைவையும் நமது நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6இல் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது. உடல் நோய்க்கு அளிப்பது போன்றே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டுமென்றும் அது விதிக்கிறது. காப்பீடு எடுத்த அங்கத்தினர்களிலும் இதனை அறிந்தோர் சிலரே.

"சங்கம் வைத்தியசாலையா? பாக்கியைத் தள்ளிவிடச் சொல்கிறீரா?" என்று சில தலைவர்கள் வினவுகின்றனர். தள்ளிவிட யான் சொல்லவில்லை. எனது உத்தியோகமும் அதற்கு இடந்தராது. வயலில் வெள்ளம் புகுந்தால் தவணையை மாற்றக் கோரி விண்ணப்பம் எழுத உதவுகிறோம். படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கும் அவ்வாறே எழுதித் தருவதில் என்ன தடை? சிகிச்சை பெற்றுத் தறிக்குத் திரும்புபவரிடமிருந்து கடன் வசூலாகும். விரக்தியால் உயிரை மாய்த்துக் கொண்டவரிடமிருந்து எதனை வசூலிப்பது?

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் முதல் இவ்வசதி உள்ளது. இவ்வெண்ணை ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்குமாறும், அடுத்த பாக்கி நோட்டீசுகள் கையெழுத்தாகுமுன் அவ்வீடுகளுக்குச் சென்று வர இரு அங்கத்தினரை நியமிக்குமாறும் காரியதரிசிகளைக் கேட்டுக் கொள்கிறேன்.