ஹோமரைத் தேடிப் போகிறவர்கள்

கிரேக்க காவியங்களைக் கற்கும் மாணாக்கரைக் கோடை விடுமுறையில் அழைத்துச் சென்று, ட்ராய் நகரத்து இடிபாடுகளையும், மைசீனியின் சிங்க வாயிலையும், இதாக்கா தீவையும் காட்டி வருவது மேல்நாட்டுக் கல்லூரிகளில் வெகுகாலமாக உள்ள சம்பிரதாயம். அதனால் காவியம் எவ்வளவு விளங்குகிறது என்று கேட்டால், சொற்பமே என்பது என் அபிப்பிராயம்.

ட்ராய் இருந்த இடமாகக் கருதப்படும், துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்களின் அடுக்குகள் புதைந்திருக்கின்றன. 1873-ல் அங்கே பொன்னாபரணங்களைக் கண்டெடுத்து, அவை ட்ராயின் அரசன் பிரியமின் பொக்கிஷமே என்று பறைசாற்றிய அகழ்வாராய்ச்சியாளர் ஷ்லீமன், அவசரத்தில் தாம் தேடிய காலத்து அடுக்கைத் துளைத்துக்கொண்டு, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அடுக்கை எட்டியிருந்தார். இன்று அங்கே போகிறவர்கள் நுழைவாயிலருகே பெரிய மரக்குதிரையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இலியட் காவியத்தில் அந்தக் குதிரை வருவதேயில்லை என்பதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

அமெரிக்கரான மில்மன் பாரியின் பிரயாணம் வேறு விதமானது. ஹோமர் தம் வீரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சூட்டும் அடைமொழிகள் தனியொரு கவியின் சிருஷ்டியல்ல, பாடகர் பரம்பரையின் பொதுச் சொத்து என்று 1928-ல் பாரிஸில் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் வாதித்த அவர், அத்தகைய பரம்பரை உயிரோடு இயங்குவதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்பி, 1933-லும் மறு ஆண்டிலும், ரமலான் மாத இரவுகளில் காப்பிக் கடைகளில் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இழைத்து வீரகதை பாடுவோர் வாழ்ந்த யூகோஸ்லாவியாவுக்குச் சென்றார். அங்கே அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுத்தறியாத கசாப்புக்காரரைச் சந்தித்தார். அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு கதையை வேறொரு பாடகரைக் கொண்டு அவர் முன்னிலையில் பாடச் செய்து, முடிந்ததும் அதையே பாடும்படி பாரி கேட்டார். முதற்பாடகர் 2,294 அடிகளில் முடித்த கதை, அவ்தோவின் வாயில் வர்ணனையும் வீரர்களின் மனநிலையும் விரிந்து 6,313 அடிகளாக வளர்ந்தது. ஒடிசியின் நீளத்துக்கு நிகராகப் பன்னிரண்டாயிரம் அடிகளைத் தாண்டிய பாட்டொன்றையும் அவரிடமிருந்து எழுதிக்கொண்டார்கள். ஏடின்றி இவ்வளவு பெரிய காவியம் எப்படிப் பிறக்கும் என்று பண்டிதர்கள் நெடுங்காலம் எழுப்பிய சந்தேகத்துக்கு, எந்தக் கோட்டைச் சுவரும் அளிக்காத விடை இது.

கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்ஸனும், அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள பிளாஸ்கெட் தீவுக்கு 1923-ல் முதன்முதலாகப் போய், மீனவர்களின் பேச்சையும் பாட்டையும் கேட்டுப் பழகியதால்தான் ஹோமர் தமக்குப் புதிதாக விளங்கினார் என்று எழுதியிருக்கிறார். பர்மிங்ஹாமில் அவரிடம் ஆராய்ச்சி செய்த ஈழத்தறிஞர் க. கைலாசபதி, பாரியின் முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி எழுதிய ஆங்கில நூலை 1968-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. அவருடைய முடிவுகளை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் சங்கப் பாடல்களும் வாய்மொழிப் பரம்பரையில் பிறந்தவையா என்ற கேள்வியை இன்று ஒருவரும் ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே, காவியம் கற்க வெளிநாடு செல்லும் மாணவருக்கு ட்ராயில் ஒரு பகல் போதும். எஞ்சிய நாட்களை அவ்தோ வாழ்ந்த மாண்டினீக்ரோவிலோ, மனாஸ் காவியத்தை இன்றும் பாடிவரும் கிர்கிஸ் மக்களிடையேயோ கழிக்கட்டும். அதற்கு வேண்டிய மொழியைக் கற்கும் அவகாசத்தையும் சேர்த்தே உபகாரச் சம்பளம் வழங்கப்பட வேண்டும்.