ஒரு வரிக் கட்டளையும் தமிழ் எழுத்தும்

ஏடு பெயர்த்தெழுதுவோரின் கவனக்குறைவால் நாம் இழந்த பாடங்கள் பல. கணிப்பொறியிலும் அவ்விழப்பு நேரக்கூடும்.

சொல்லடைவு தொகுக்கும் ஆய்வாளர் பலர் இன்று சொற்களை விரிதாள்களில் சேர்க்கின்றனர். நூறு விரிதாள்களைச் சி.எஸ்.வி. எனும் எளிய உரைக்கோப்புகளாக மாற்ற, ஒவ்வொன்றையும் திறந்து சேமித்தல் வீண் உழைப்பு. லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் 2010-இல் தோன்றியது. அதனைத் திரையில் திறவாமலே, எழுத்தால் ஏவும் கட்டளை வரியில் 'ஹெட்லெஸ்', 'கன்வெர்ட்-டூ' என்னும் குறிப்புகளோடு ஏவினால், நூறு கோப்புகளும் ஒரே வரியில் மாறிவிடும்.

விரைவு நன்றே, ஆயினும் விழிப்பு வேண்டும். எழுத்துக் குறியேற்றத்தைச் சுட்டாவிடில், சில கணிப்பொறிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் வினாக்குறிகளாகிவிடும். காற்புள்ளிக்கு 44, மேற்கோட்குறிக்கு 34, யூ.டி.எஃப்-8 குறியேற்றத்திற்கு 76 என மூன்று எண்களையும் கட்டளையிலேயே தருதல் வேண்டும். வேறு குறிப்புத் தராவிடில், பல தாள்கள் கொண்ட கோப்பில் முதல் தாள் மட்டுமே மாறும். வாய்பாடுகள் மறைந்து விடைகளே எஞ்சும்.

ஆதலின் மூலக்கோப்பை அழித்தல் ஆகாது. மாற்றிய கோப்பை மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்புதலும் ஆகாது. தமிழ் மாணவர் இக்கட்டளையைக் கற்றல் வேண்டும். ஒப்புநோக்கும் பழக்கத்தையும் உடன் கற்றல் வேண்டும். எந்திரம் ஏவியதைச் செய்யும்; பாடம் காத்தல் நம் கடன்.