நிறை குறையாதவரின் இரண்டாவது கொப்பி

"டொக்டர், இரவிலை சோறு தொடுறேல்லை, விடிய எழும்பி நடக்கிறன், நிறை மட்டும் குறையுதில்லை." பேசாலையோ எருக்கலம்பிட்டியோ வங்காலையோ, இதைக் கேட்காத வைத்தியர் வடக்கின் இந்தக் கரையில் இருக்கமாட்டார். வெளியே வரிசை நீளும்போது நாம் சொல்லும் பதிலும் பழகிப்போனதுதான்: "வாயைக் கட்டுங்கோ." ஆள் பொய் சொல்கிறார் என்பது அதன் உள்ளர்த்தம்.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. என்ன செய்தும் நிறை குறையவில்லை என்றவர்களை நியூயோர்க்கில் ஆய்வாளர் லிட்ச்மன் குழுவினர் அளந்து பார்த்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். உடலின் சக்திச் செலவில் குறை இருக்கவில்லை. உண்டதை ஏறத்தாழ 47 வீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் சோற்றைத்தானே கேட்கிறோம்? பிளேன்ரீ எத்தனை தரம், சீனி எத்தனை கரண்டி என்று கேட்டுப் பாருங்கள். தரத்துக்கு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து தரம் என்றால் சுமார் 75 கிராம் சீனி, 300 கலோரி. அரை மணி நேர நடை அதில் பாதியைத்தான் எரிக்கும். சொதியின் தேங்காய்ப்பாலும் மீன் பொரித்த எண்ணெயும் தனிக் கணக்கு.

ஆனால் நோயாளியின் கணக்கைத் துருவுமுன் நம்முடைய கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். நோயாளியின் ஒரே பைக்குள் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருக்கும். நீரிழிவுக் கொப்பியில் இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட். மனநலக் கொப்பியில் ஒலான்சபின் அல்லது வல்புரோவேற். எல்லாமே நிறையைக் கூட்டக்கூடியவை. முதலாவதை எழுதுபவர் இரண்டாவதைத் திறப்பதில்லை. அதே விளைவுள்ள குடும்பத் திட்டமிடலின் மூன்று மாத ஊசி இரண்டிலும் இராது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. மாற்ற இடமிருக்கிறதா என்று மற்ற வைத்தியரோடு ஒரு தடவை தொலைபேசியில் பேசலாம்.

எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் சில மாதத்தில் நிறை ஓரிடத்தில் நின்றுவிடும். பத்து வீதம் குறைந்த உடல் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவிடுகிறது என்பதை லைபெல் குழுவினர் 1995இலேயே காட்டினார்கள். பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் ஓராண்டு கழித்தும் அடங்குவதில்லை. இதைச் சோம்பல் என்று எழுதுவது வைத்தியமல்ல.

நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் இலங்கை நீரிழிவு, இருதயநோய் ஆய்வு (2005–06) ஏழு மாகாணங்களில் நடந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. ஆகவே நம் சனத்தின் இடுப்பளவை நாம்தான் எடுத்தாக வேண்டும்: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. தராசு அசையாத மாதத்தில் இடுப்பும் இரத்தச் சீனி அளவும் இறங்கியிருந்தால், அதை நோயாளியின் முகம் பார்த்துச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போதே தேத்தண்ணிக் கேள்வியை ஒரு தாதி கேட்டு எழுதிவிடலாம். நிறை குறையவில்லை என்றதும் நாம் எழுதும் தைரொயிட் பரிசோதனைச் சீட்டை அதற்குப் பிறகு எழுதலாம்.